லிஃப்ட் வாசலில் நாலு எண்ணிக்கை

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில், கம்யூனிட்டி ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘தாளமும் இசையும் மூளைக்கு மருந்தாகுமா?’ என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொன்ன செயலாளர் சாருக்கு நன்றி. நான் டாக்டர் இல்லை, பாட்டு டீச்சரும் இல்லை. 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் வேறு. போன வருஷம் அசோசியேஷனுக்கு ஒரு புகார் வந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ‘மேல் வீட்டிலிருந்து தினமும் காலை ஆறரை மணிக்கு டிக் டிக் என்று சத்தம் வருகிறது, கடிகாரமா வெடிகுண்டா தெரியவில்லை, விசாரிக்கவும்’ என்று. அந்த மேல் வீடு எங்கள் வீடுதான். புகார் எழுதியவர் இப்போது முன் வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆறரை மணிக்கு என் தலைக்கு மேல் அந்தச் சத்தம் கேட்டால் நானும் எழுதியிருப்பேன்.

அந்த டிக் டிக் என் கணவர் நடப்பதற்கான சத்தம்.

அவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஆறு வருஷம் ஆகிறது. நடுக்குவாதம் என்று தமிழில் சொல்கிறோம். 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் முதன்முதலில் இதைத் தெளிவாக விவரித்து எழுதினார். பெயரைக் கேட்டதும் எல்லோரும் கை நடுக்கத்தைத்தான் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் கை நடுக்கம் பெரிய தொல்லை இல்லை. காபி டம்ளரை முக்கால் அளவு நிரப்பினால் போயிற்று. தொல்லை காலில். நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று நின்றுவிடுவார். பாதத்துக்கு அடியில் பசை தடவித் தரையோடு ஒட்டியதுபோல் இருக்கும். மனசு போ என்கிறது, உடம்பு முன்னால் சாய்கிறது, கால் மட்டும் வரவில்லை. இது குறிப்பாக எங்கே நடக்கும் தெரியுமா? நிலைப்படியில், குறுகலான இடத்தில், திரும்பும்போது, அவசரப்படுத்தும்போது. இந்த நாலும் ஒன்றாகச் சேர்ந்த இடம் நம் லிஃப்ட் வாசல்.

நாம் யாரும் ஒவ்வொரு அடியையும் யோசித்து நடப்பதில்லை. இப்போது இடது கால், இப்போது வலது கால் என்று உள்ளேயிருந்து யாரோ எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வேலையில் பெரிய பங்கு மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற பகுதிக்கு. அது ஒழுங்காக வேலை செய்ய டோபமின் என்ற ரசாயனம் வேண்டும். பார்க்கின்சனில் அதைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. காலில் பலம் இருக்கிறது, மூட்டு நன்றாக இருக்கிறது, எண்ணுகிற ஆள் மட்டும் தூங்கிவிடுகிறார். அப்படியானால் வெளியிலிருந்து ஒருவர் எண்ணினால் என்ன? இந்தச் சிகிச்சையின் அடிப்படை யோசனை இவ்வளவுதான்.

வெளியிலிருந்து வரும் தாளம் வேறு வழியாகப் போகிறது என்று நரம்பியல் நிபுணர்கள் விளக்குகிறார்கள். காதுக்கும் அசைவுக்கும் மூளையில் நேரடித் தொடர்புகள் இருக்கின்றன. பழுதான ரோட்டை விட்டுவிட்டு சர்வீஸ் ரோட்டில் போவதுபோல அந்தச் சைகை காலுக்குப் போய்ச் சேர்கிறது. எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரே ஒரு கைதட்டல் பெரிதாக உதவாது, சீரான தாளம் உதவும். ராத்திரி குழாய் சொட்டுவதை நினைத்துப்பாருங்கள். நாலு சொட்டு சீராக விழுந்தால் ஐந்தாவது எப்போது விழும் என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது, விழுவதற்கு முன்னாலேயே காத்திருக்கிறோம். தாளத்தோடு நடக்கிற கால் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புவதில்லை. அடுத்த சத்தம் வரும் நேரத்துக்குச் சரியாகப் போய் அதைச் சந்திக்கிறது. முன்கூட்டியே தயாராவதற்கு மூளைக்கு ஒரு தவணை கிடைக்கிறது.

நம் ஊரில் இது புதுச் சங்கதியும் இல்லை. ஐலசா போட்டு வலை இழுத்தவர்களுக்கும் நடவுக்குப் பாட்டுக் கட்டியவர்களுக்கும் இது தெரியும். கோயிலில் சுவாமி புறப்படும்போது நாகஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பார்கள், தவில் விழும். பல்லக்குத் தூக்குகிறவர்களின் நடை அந்தத் தவிலோடு போவதைப் பார்த்திருப்பீர்கள். நோய்க்கு அது உதவுமா என்று அளந்து பார்த்ததுதான் புதிது.

அமெரிக்காவில் கொலராடோவில் மைக்கேல் தாட் என்ற பேராசிரியர் தன் குழுவோடு அதை அளந்தார். 1996-ல் வெளிவந்த ஆய்வு அது. பார்க்கின்சன் நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் மூன்று வாரம், தினமும் அரை மணி, தாளம் அழுத்தமாகக் கேட்கும்படி செய்த இசையோடு வீட்டில் நடந்தார்கள். இரண்டாவது பிரிவினர் இசை இல்லாமல் தங்கள் போக்கில் நடந்தார்கள். மூன்றாவது பிரிவினர் பயிற்சியே செய்யவில்லை. இசையோடு நடந்தவர்களின் வேகம் 25 சதவீதம் கூடியது. சும்மா நடந்தவர்களுக்கு 7 சதவீதம். பயிற்சி செய்யாதவர்களுக்கு 7 சதவீதம் குறைந்தது. அதைவிட முக்கியம், இசையோடு நடந்தவர்கள் வைக்கும் அடியின் நீளமும் கூடியது. பார்க்கின்சனில் அடி சுருங்கிச் சுருங்கித்தான் விழுகிறார்கள்.

கணக்கு டீச்சர் இல்லையா, மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. 2007-ல் ஐரோப்பாவில் 153 பேரை வைத்துப் பெரிதாகச் செய்தார்கள். அங்கேயும் பலன் தெரிந்தது, ஆனால் அவ்வளவு பெரிதாக இல்லை. பயிற்சியை நிறுத்தின சில வாரத்திலேயே கிடைத்ததில் பெரும்பகுதி கரைந்துபோனது. ஆகவே இது குணப்படுத்துகிற மருந்து இல்லை. கண்ணாடி மாதிரி. போட்டிருக்கும்வரை தெரியும், கழற்றினால் மங்கும். காலை ஆறரை மணி டிக் டிக்குக்கு எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லாததற்கு இதுதான் காரணம்.

எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். முதலில் நான் செய்த தப்பு. அவருக்குக் கச்சேரி கேட்கப் பிடிக்கும். சரி, பிடித்ததையே போடுவோம் என்று ஒரு நீண்ட ஆலாபனையைப் போட்டுவிட்டு நடக்கச் சொன்னேன். நாலாவது நிமிஷம் ஹாலின் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆலாபனையில் தாளமே கிடையாது, காலுக்கு அதில் பிடிமானம் இல்லை. அது மட்டுமில்லை, ரசிக்கிற வேலையும் நடக்கிற வேலையும் ஒரே நேரத்தில் வந்தால் பார்க்கின்சன்காரர்களுக்கு நடை தடுமாறும். பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அம்மா, இதைச் சாயங்காலம் நாற்காலியில் உட்காரவைத்துப் போடுங்கள். காலுக்கு இது வேண்டாம்” என்றார்.

அவர் செய்தது இது. ஒரு நிமிஷத்தில் இவர் எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணினார். 96 வந்தது. சாதாரணமாக நம்மைப் போன்றவர்கள் 100-லிருந்து 120 வரை வைப்போம். மெட்ரோனோம் என்று ஒரு செயலி இருக்கிறது, செல்போனில் இலவசமாகக் கிடைக்கும், சொன்ன எண்ணிக்கையில் டிக் டிக் என்று அடிக்கும். அதை 96-க்கு மேல் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். 88-ல் வைத்தார். உறைந்து நிற்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு வேகத்தைக் கூட்டினால் உறைவது அதிகமாகலாம், கொஞ்சம் குறைத்து, அடியை நீளமாக வைக்கச் சொல்வதுதான் நல்லது என்றார். உறையாதவர்களுக்கு மெல்ல மெல்லக் கூட்டலாமாம். எண்ணை நீங்களே இன்டர்நெட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட் நடையைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

மெட்ரோனோம் சலித்துப்போகும். இரண்டு மாதம் கழித்து அதே வேகத்தில் ஓடுகிற பழைய சினிமாப் பாட்டுகளை என் பேரன் ஒரு பட்டியலாகப் போட்டுக்கொடுத்தான். தபலாவோ டோலக்கோ அழுத்தமாகக் கேட்கிற பாட்டுகள். மாத்திரை வேலை செய்கிற நேரமாகப் பார்த்துத்தான் நடக்கிறோம், பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் உண்டு. வண்டி போகிற இடத்தில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு நடக்கக்கூடாது. ஹாரன் கேட்காது.

போன் கையில் இல்லாத சமயத்துக்கு வாயால் ‘தகதிமி’. நாலே எழுத்து, நாலு அடி. இவருக்குப் பாட்டுப் பாட வராது. ஆனால் வாலிபத்தில் கச்சேரிக்குப் போய் உட்கார்ந்து தொடையில் ஆதி தாளம் போட்டவர். எட்டு எண்ணிக்கை கையோடு ஊறியிருக்கிறது. உறைந்து நின்றால் இப்போது அவரே வலது கையால் தொடையில் தட்டுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலாவதில் கால் கிளம்பிவிடும். பத்துக்கு ஏழு தடவை. மீதி மூன்று தடவை நான் எண்ணவேண்டும்.

மாத்திரை விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நடை தேறியதும் இவருக்கு ஒரு துணிச்சல் வந்து, மத்தியான மாத்திரையை விட்டுப்பார்க்கிறேன் என்றார். நான் அரை மனசாகச் சரி என்றேன். இரண்டாம் நாள் சாயங்காலம் சோபாவிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. எந்தத் தாளமும் எடுபடவில்லை. டாக்டரிடம் நான் வாங்கிய திட்டு என் மாணவர்கள் என்னிடம் வாங்கியதற்கெல்லாம் சேர்த்து ஈடாகிவிட்டது. டாக்டர் சொல்லாமல் ஒரு வேளையைக்கூடக் குறைக்காதீர்கள்.

நடையை விட்டு மற்றதுக்கு வருகிறேன். பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்கள் வீட்டில் ஒரு அதிசயம் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாதவர் பழைய பாட்டை முழுசாகப் பாடுவார். மூளையின் இடது பக்கத்தில் பேச்சை உருவாக்கும் பகுதி அடிபட்டாலும் பாட்டு பிழைத்துக்கொள்ளும். இதை வைத்து 1973-ல் பாஸ்டனில் ஒரு பேச்சுப் பயிற்சி முறை எழுதினார்கள். தேவையான சின்ன வாக்கியத்தை ஏற்ற இறக்கத்தோடு இழுத்துச் சொல்லி, ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் தட்டி, பிறகு ராகத்தை மெல்லக் குறைத்துச் சாதாரணப் பேச்சுக்கு வருவது. 2011-ல் தலையில் சுடப்பட்ட அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேபி கிஃபர்ட்ஸ் பேச்சை மீட்டதில் இசைச் சிகிச்சைக்குப் பங்கு உண்டு. அதே வருஷம் ஜெர்மனியில் 17 நோயாளிகளைக் கவனித்து எழுதியவர்கள், உதவுவது ராகத்தைவிடத் தாளமும், வாயில் பழகிப்போன சொற்களும்தான் என்றார்கள். வீட்டில் செய்ய விரும்பினால் ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பிடியுங்கள். பாட்டுப் பாடவைத்து வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவது பயிற்சி ஆகாது.

சும்மா உட்கார்ந்து கேட்பதால் என்ன பலன் என்று போன கூட்டத்தில் ஏ பிளாக் மாமி கேட்டார். இதற்கு பின்லாந்திலிருந்து நல்ல பதில் இருக்கிறது. 2008-ல் ஹெல்சிங்கியில், பக்கவாதம் வந்து சில நாளே ஆன 60 பேரை எடுத்துக்கொண்டார்கள். மூன்றில் ஒரு பங்கினர் தங்களுக்குப் பிடித்த பாட்டுகளைத் தினமும் ஒரு மணி நேரமாவது இரண்டு மாதம் கேட்டார்கள். இன்னொரு பங்கினர் ஒலிப்புத்தகம் கேட்டார்கள். மற்றவர்களுக்கு எதுவும் தரவில்லை. வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் ஒன்றுதான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், சொற்களை நினைவில் வைக்கும் திறன் பாட்டுக் கேட்டவர்களுக்கு 60 சதவீதம் தேறியிருந்தது. புத்தகம் கேட்டவர்களுக்கு 18, எதுவும் கேட்காதவர்களுக்கு 29. மனச்சோர்வும் பாட்டுக் கேட்டவர்களிடம் குறைவு. பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தது ஆராய்ச்சியாளர்கள் இல்லை, நோயாளிகளேதான். மாமியார் படுத்திருக்கும் அறையில் உங்களுக்குப் பிடித்ததைப் போட்டுவிட்டு வராதீர்கள். டிவி நாள் முழுவதும் ஓடுவதும் இதில் சேராது.

மறதி நோய் உள்ளவர்களுக்கும் இப்படித்தான். பேரன் பெயர் மறந்தவர்களுக்கு இருபது வயதில் கேட்ட பாட்டு வரி வரியாக வரும். நோயைத் திருப்பாது. ஆனால் குளிக்க மறுத்துச் சண்டை போடுகிற நேரத்தில் அந்தப் பாட்டு ஓடினால் பார்த்துக்கொள்கிறவருக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். முகத்தைப் பார்த்துக்கொண்டே போடுங்கள். சில பாட்டு அழவைக்கும்.

நம் வாட்ஸ்அப் குழுவில் வாராவாரம் வருகிறதே, இந்த ராகம் கேட்டால் சர்க்கரை இறங்கும், அந்த ராகம் கேட்டால் கல் கரையும் என்று? அவற்றை அனுப்புகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1993-ல் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்களைப் பத்து நிமிஷம் மொசார்ட் கேட்கவைத்தார்கள். ஒரு வகைப் புதிரில் கொஞ்சம் கூட மதிப்பெண் வாங்கினார்கள், அதுவும் கால் மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. அது வளர்ந்து வளர்ந்து, மொசார்ட் கேட்டால் குழந்தை புத்திசாலி ஆகும் என்று ஆகி, 1998-ல் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே இப்படி. ராகம் கேளுங்கள், நிம்மதியாக இருக்கும். மாத்திரையையும் போடுங்கள்.

இனி நான் உண்மையில் எதற்காக மைக் பிடித்தேனோ அது.

தீபாவளிக்கு முந்தின வாரம் இவர் தரைத்தள லிஃப்ட் வாசலில் உறைந்து நின்றார். பின்னால் மூன்று பேர். கதவு மூடப்பார்த்தது. நல்ல மனசுள்ள ஒரு பையன், உதவி செய்வதாக நினைத்து, “வாங்க தாத்தா, சீக்கிரம்” என்று முன்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்தான். உடம்பு வந்தது, கால் வரவில்லை. மோவாயில் நாலு தையல். அந்தப் பையன் ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நானே போய்க் கூப்பிட்டேன். அவன் மேல் தப்பு இல்லை, அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கும் ஆறு வருஷத்துக்கு முன்னால் தெரியாது. அதற்கப்புறம் இவர் லிஃப்டுக்கே வரமாட்டேன் என்று நாற்பது நாள் வீட்டுக்குள் இருந்தார். தையலைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்படி யாராவது நிற்பதைப் பார்த்தால் முதலில் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுக்காதீர்கள், பின்னாலிருந்து தள்ளாதீர்கள். சீக்கிரம் என்ற வார்த்தை வேண்டாம். சாப்பிட்டீர்களா, பேரன் எப்போது வருகிறான் என்ற விசாரிப்பும் அந்த நேரத்தில் வேண்டாம், பதில் சொல்லப் போனால் கால் இன்னும் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் நின்று, உடம்பை இடதும் வலதுமாக மெல்ல அசைக்கச் சொல்லிவிட்டு, சீராக ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணுங்கள். கடிகார முள்ளைவிடக் கொஞ்சம் வேகமாக. பாட வராது என்று கூச்சப்பட வேண்டாம். எண்ண வந்தால் போதும். செக்யூரிட்டி தம்பிகள் இரண்டு பேருக்கும் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், என்னைவிட நன்றாக எண்ணுகிறார்கள்.

கமிட்டியிடம் ஒரு வேண்டுகோள். மூன்று பிளாக்கிலும் தரைத்தள லிஃப்ட் முன்னால், நடக்கும் திசைக்குக் குறுக்காக, ஒரு அடி இடைவெளியில் நாலு மஞ்சள் கோடு ஒட்ட வேண்டும். காதுக்குத் தாளம் மாதிரி கண்ணுக்குக் கோடு. ஒவ்வொரு கோட்டையும் தாண்டு என்று கண் சொல்லும்போது கால் கிளம்புகிறது. எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் இன்சுலேஷன் டேப்பில் ஒட்டியிருக்கிறேன், வந்து பார்க்கலாம். செலவு நானே ஏற்கிறேன். அழகு கெடும் என்று யாராவது நினைத்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு கடிதம் வேண்டாம்.

சத்த விஷயத்துக்கும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். கீழ் வீட்டுக்காரரோடு பேசி, காலை நடையை ஏழரைக்கு மாற்றி, எங்கள் மாடி வராந்தாவுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இருபது நிமிஷம்தான். இரண்டாவது மாடியில் பக்கவாதம் வந்து தேறிவருகிற ஒருவரும் இப்போது சேர்ந்திருக்கிறார். அவருக்கு வேறு எண்ணிக்கை, அதனால் அவர் நடை முடிந்ததும்தான் எங்கள் நடை. வேறு யாருக்காவது தேவையிருந்தால் வரலாம். ரப்பர் செருப்பு வேண்டாம், பின்பட்டை வைத்த செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு வாருங்கள்.

என் கணவர் கடைசி வரிசையில், தூண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை பேர் முன்னால் தன்னைப் பற்றிப் பேச அவரே அனுமதி கொடுத்தார். ஆலாபனைக் கதையை மட்டும் சொல்லாதே என்றார், அதையும் சொல்லிவிட்டேன். கூட்டம் முடிந்ததும் நாங்கள் லிஃப்டுக்கு வருவோம். யாராவது ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.